சட்டம் சூட்டிய வசை

சிறையில் அடைக்காமலே ஒரு மனிதனைச் சிறைப்படுத்தலாம். கையில் விலங்கு பூட்டாமலே அவனைக் கட்டிப்போடலாம். அதற்கு இரும்பு வேண்டியதில்லை. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை ஊர் சொன்னால் அவன் தலை குனிகிறான். அதே சொல்லைச் சட்டம் சொன்னாலோ, அவன் தலை நிமிர வழியே இல்லாமற்போகிறது. ஊர் வாயில் பிறந்த பழி காலப்போக்கில் தேயும். ஏட்டில் ஏறிய பழி, ஏட்டைக் கிழித்தெறியும் வரையில் தேயாது.

அப்படியொரு சொல் ரோமாபுரியிலே இருந்தது. 'இன்ஃபாமியா' என்பது அந்தச் சொல். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதன் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றன. அகராதியைப் புரட்டினால் இழிவு, அவப்பெயர், பழி என்று பொருள் கிடைக்கும். ஆனால், அந்த இழிவை யார் யாருக்குச் சூட்டினர், எதற்காகச் சூட்டினர், எத்தனை தலைமுறைக்குச் சூட்டினர், எவர் அதைத் துடைத்தனர் என்பதை அகராதி சொல்லாது. வரலாறுதான் சொல்லும். அந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அது ரோமாபுரியோடு முடிந்துவிட்ட கதையன்று.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'ஃபாமா' என்றால் பேச்சு. ஒருவனைப் பற்றி நாலு பேர் பேசுவது. 'பேசுதல்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பேச்சு நல்லதாக இருந்தால் அதுவே புகழ். தமிழனுக்கு இது புதுமையன்று. 'இசை' என்ற சொல்லுக்கு ஓசை என்றும் பொருள் கொள்கிறோம், புகழ் என்றும் பொருள் கொள்கிறோம். பிறர் வாயில் ஒலிப்பதே புகழ் என்று நம் முன்னோரும் கண்டனர். வள்ளுவரும் 'புகழ்' அதிகாரத்திலே இசைக்கு எதிர்ச்சொல்லாக 'வசை'யை நிறுத்துகிறார். 'இன்ஃபாமியா' என்பதும் ஏறக்குறைய அதே வசைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் சொன்ன வசை, மனிதன் தன் செயலால் தேடிக்கொள்வது. ரோமாபுரியின் வசையோ, அரசு தன் கையால் எழுதிக் கழுத்தில் மாட்டுவது!

அதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. 'இக்னோமினியா' என்று பெயர். 'நோமன்' என்றால் பெயர். பெயரை இழந்த நிலையே இக்னோமினியா. பெயரை எடுத்துவிட்டால் மனிதனிடம் மிஞ்சுவது என்ன? உடல் இருக்கும், உயிர் இருக்கும். ஊரிலே அவனுக்கு இடம் இருக்காது.

இந்தப் பெயரிழப்பை வழங்க ரோமாபுரியில் தனி அதிகாரிகளே இருந்தனர். 'சென்சர்' என்று அவர்களை அழைத்தனர். ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இருவர் தேர்ந்தெடுக்கப்படுவர். குடிமக்களைக் கணக்கெடுப்பதும் சொத்தை மதிப்பிடுவதும் அவர்களுடைய வேலை. கணக்கேட்டிலே ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் ஒரு குறியிட்டால், செனட்டில் இருந்தவன் செனட்டை இழப்பான். குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவன் அரசு தந்த குதிரையை இழப்பான். வழக்குமன்றம் இல்லை, தண்டனை இல்லை, அபராதம் இல்லை, குறி ஒன்றுதான்.

கி.மு. 275இல் கார்னீலியஸ் ருஃபினஸ் என்பவன் அந்தக் குறியைப் பெற்றான். அவன் சாமான்யனல்லன், இருமுறை கான்சல் பதவி வகித்தவன், சர்வாதிகாரி பதவியும் வகித்தவன். அவன் செய்த குற்றம், பத்து ராத்தல் எடையுள்ள வெள்ளிப் பாத்திரங்களை வீட்டில் வைத்திருந்தது! எளிமையே அறம் என்று இருந்த காலம் அது. கி.மு. 184இல் கேட்டோ சென்சராக இருந்தபோது, லூசியஸ் ஃபிளாமினினஸ் என்னும் முன்னாள் கான்சலைச் செனட்டிலிருந்து நீக்கினான். விருந்து மண்டபத்திலே, உடனிருந்தவரின் கேளிக்கைக்காக ஒரு மனிதனைக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. பின்னொரு நாள் நாடக அரங்கிலே அந்த ஃபிளாமினினஸ், செனட்டர்களின் இருக்கைகளைக் கடந்து போய்த் தூரத்திலே உட்கார்ந்தானாம். அதைக் கண்ட மக்கள் மனமிரங்கி, பழைய இடத்துக்கே வரும்படி கூவி அழைத்தனராம். புளுடார்க் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இருவர் கதையிலும் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குறி விழுந்தது மேட்டுக்குடியினர் மீது. மற்றொன்று, அது விழுந்தது அவர்கள் செய்த செயலுக்காக. அடுத்து வரும் சென்சர்கள் விரும்பினால் அந்தக் குறியை அழித்துவிடவும் முடியும். வலிமை படைத்தவனுக்கு விழுந்த வசைக்கு, வெளியேறும் வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

வாசலே வைக்கப்படாத வசை வேறொன்று இருந்தது. அதைப் பார்ப்போம்.

ரோமாபுரியின் நீதித் தலைவனான 'பிரீட்டர்' வெளியிட்ட ஆணையிலே ஒரு பட்டியல் உண்டு. அதில் இடம்பெற்றவர்கள் பிறருக்காக வழக்குமன்றத்தில் பேசும் உரிமையற்றவர்கள். தமக்காகவும், நெருங்கிய உறவினர் சிலருக்காகவும் மட்டுமே பேசலாம். யார் யார் அந்தப் பட்டியலில்? திருடியவன், கொள்ளையடித்தவன், ஏமாற்றியவன். நம்பி ஒப்படைத்த பொருளை விழுங்கியவன். அநாதைச் சிறுவனின் சொத்துக்குக் காவலனாக இருந்து அதைச் சூறையாடியவன். கூட்டாளியை மோசம் செய்தவன். பொய் வழக்குப் போட்டவன். இழிவுக்காகப் படையிலிருந்து விரட்டப்பட்டவன். சரி, இவர்கள் நம்பத்தகாதவர்கள். மற்றவருக்காகப் பேச இவர்களை விடக்கூடாது என்றால் அதில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அதே பட்டியலில், அந்தத் திருடனுக்கும் வஞ்சகனுக்கும் பக்கத்திலே, இன்னொருவனையும் நிறுத்தினார்கள். நாடக மேடையில் நடித்தவன்!

அவன் எவரையும் ஏமாற்றவில்லை. எவர் பொருளையும் எடுக்கவில்லை. மேடையில் ஏறினான், நடித்தான், மக்களைச் சிரிக்க வைத்தான், அழ வைத்தான். அதற்குக் கூலி வாங்கினான். அது போதும், அவன் இழிந்தவன்! கூலிக்குக் களத்தில் இறங்கி விலங்கோடு போராடியவனும் இழிந்தவன். தெற்கு இத்தாலியில் ஹெராக்ளியா என்ற ஊரிலே 18ஆம் நூற்றாண்டில் ஒரு வெண்கலப் பட்டயம் கண்டெடுக்கப்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டுச் சட்டம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நகர மன்றத்தில் உட்காரத் தகுதியற்றவர்களின் பட்டியல் அதிலும் உண்டு. திருடன் இருக்கிறான், நடிகன் இருக்கிறான், வாட்போர் வீரன் இருக்கிறான். ஏலம் கூறுபவனும், பிணத்தை அடக்கம் செய்யும் தொழிலாளியும்கூட, அந்தத் தொழிலைச் செய்யும் வரையில், உள்ளே வரக்கூடாதாம்!

ஊரார் பிணத்தை அவன் சுமக்க வேண்டும். ஊர் மன்றத்தில் அவன் உட்காரக் கூடாது. இதைப் படிக்கும்போது நமக்கு இது எங்கோ கேட்ட நீதியாகத் தோன்றவில்லையா?

ரோமாபுரி நாடகத்தை வெறுத்த நாடு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். விழா என்றால் நாடகம், வெற்றி என்றால் நாடகம். ரோஷியஸ் என்னும் நடிகனுக்கு சுல்லா பொன் மோதிரம் அணிவித்து உயர்ந்த வகுப்பிலே சேர்த்தான். பேச்சின் பெருந்தலைவன் சிசரோ அந்த நடிகனுக்கு நண்பன். அவனுக்காக வழக்கும் பேசினான். கலை வேண்டும், கலைஞனுக்கு மட்டும் மதிப்பு வேண்டாம். இதுதான் அந்தச் சமுதாயத்தின் தீர்ப்பு. ரோஷியசுக்கு மட்டும் கிடைத்த மோதிரம் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. ஒருவனைத் தூக்கிவிட்டு, ஓராயிரம் பேரை மிதித்து வைப்பது எந்நாளும் ஆளுவோர் அறிந்த வித்தை.

நடிப்பது இழிவு என்பது இயற்கையின் விதியா? அல்ல என்பதற்கு ரோமாபுரியிலேயே சான்று உண்டு. கார்னீலியஸ் நெபோஸ் என்ற வரலாற்றாசிரியர், தம் நூலின் முன்னுரையிலே இதைக் குறிப்பிடுகிறார். கிரேக்க நாட்டில் மேடையேறுவது எவருக்கும் இழிவாகத் தோன்றவில்லை; ரோமாபுரியிலோ அது இழிவாகக் கருதப்படுகிறது என்கிறார் அவர். கடலின் அக்கரையில் பெருமை, இக்கரையில் சிறுமை! மனிதன் மாறவில்லை, தொழில் மாறவில்லை, கரைதான் மாறிற்று. இழிவு தொழிலிலே ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளானால் அது கப்பலேறி அக்கரைக்கும் போயிருக்க வேண்டாமா?

இந்த வசையை ஆளுவோர் எப்படி ஆயுதமாக்கினர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். லாபீரியஸ் என்பவன் குதிரைவீரர் வகுப்பினன், நாடகம் எழுதுபவன். எழுதலாம், அதில் இழிவில்லை, நடித்தால்தான் இழிவு. கி.மு. 46இல் சர்வ வல்லமையோடு விளங்கிய ஜூலியஸ் சீசர், அறுபது வயதான அவனை மேடையேறி நடிக்கும்படி பணித்தான். சீசரின் வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் வேற்றுமை ஏது? லாபீரியஸ் ஏறினான். ஏறிய கணத்திலேயே தன் தகுதியை இழந்தான். ஆனால் அந்த முதியவன் வாய்மூடி நிற்கவில்லை. தனக்கு நேர்ந்ததை மேடையிலிருந்தே எடுத்துரைத்தான்; சர்வாதிகாரத்தைச் சாடினான். அரங்கிலிருந்த அத்தனை கண்களும் சீசர் பக்கம் திரும்பினவாம்.

போட்டியிலே வென்றவன், சிரியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற பப்ளிலியஸ். சீசர் லாபீரியசுக்கு ஐந்து லட்சம் வெள்ளிக்காசும் பொன் மோதிரமும் கொடுத்துப் பழைய தகுதியைத் திருப்பித் தந்தான். லாபீரியஸ் தன் வகுப்பினருக்கான இருக்கைகளுக்குப் போனான். அங்கிருந்தவர்களோ நெருக்கி உட்கார்ந்துகொண்டு அவனுக்கு இடம் இல்லாமற் செய்தனர்! சட்டம் கொடுத்த வசையைச் சட்டமே திருப்பி எடுத்துக்கொண்டது. சமுதாயத்தின் உள்ளத்தில் ஏறிய வசை இறங்கவில்லை. சீர்திருத்தம் பேசுகிற நாம் இந்தக் காட்சியை மறக்கலாகாது. சட்டம் இருக்கையை ஒதுக்கித் தரலாம். பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து இடம் கொடுக்க, உள்ளம் மாற வேண்டும்.

அடுத்த கட்டம் இன்னும் கொடியது. நடிகனின் வசை அவன் பிள்ளைக்கும் வந்து சேர்ந்தது. கி.மு. 18இல் ஆகஸ்டஸ் கொண்டுவந்த திருமணச் சட்டம், செனட்டர் குடும்பத்தினர் நடிகையை மணக்கக் கூடாது என்றது. அதோடு நிற்கவில்லை, நடிகன் அல்லது நடிகையின் மகளையும் மணக்கக் கூடாது என்றது! அந்த மகள் மேடையையே பார்த்திராதவளாக இருக்கலாம். பெற்றவர் செய்த தொழில் அவள் நெற்றியில் எழுதப்பட்டுவிட்டது. பிற்காலத்திலே கிறித்துவப் பேரரசர்கள் ஆண்டபோது, மேடைத் தொழிலில் பிறந்தவர்கள் அந்தத் தொழிலிலேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டது. சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்று, அதன்பின் பிழைத்துக்கொண்டவர்களை மேடைக்குத் திரும்ப இழுக்கக் கூடாது என்று கி.பி. 371இல் ஒரு சலுகை! இழிந்த தொழில் என்றும் சொல்வார்கள். அதை விட்டு ஓடவும் விடமாட்டார்கள். மக்கள் கேளிக்கைக்கு ஆள் வேண்டுமே!

இந்தச் சுவரில் ஒரு பெண் துளையிட்டாள். கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்துக் களியாட்டக் களத்தில் கரடிகளைப் பராமரித்தவனின் மகள் தியோடோரா; மேடையிலே நடித்தவள். அவளை மணக்க விரும்பினான் ஜஸ்டினியன். சட்டம் குறுக்கே நின்றது. அவன் சாமான்யனாக இருந்தால் காதல் மடிந்திருக்கும். பேரரசனின் மருமகனாக இருந்ததால் சட்டம் மடிந்தது! மேடையை விட்டு விலகிய நடிகை மன்னரிடம் விண்ணப்பித்து எவரையும் மணக்கலாம் என்று, கி.பி. 520களில் புதுச் சட்டம் பிறந்தது. 527இல் ஜஸ்டினியன் பேரரசனானான். கரடிக்காரன் மகள் பேரரசியானாள். ஆனாலும் புரோகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் அவளைத் தூற்றி ஒரு மறைநூலே எழுதி வைத்தார். மணிமுடி தரித்த தலையிலும் பழைய வசையைத் தேடிப் பார்க்கும் கண்கள் இருந்தன.

ரோமாபுரி வீழ்ந்தது. அதன் கோட்டைகள் இடிந்தன. அதன் வசை மட்டும் இடியவில்லை. திருச்சபையின் விதிகளிலும் ஐரோப்பிய நாடுகளின் சட்டங்களிலும் குடியேறிற்று. பிரான்சு நாட்டைப் பாருங்கள். 1673 பிப்ரவரி 17 அன்று மோலியேர், தாம் எழுதிய நாடகத்திலே நடித்துக்கொண்டிருக்கும்போதே நோயுற்று, சில மணி நேரத்தில் வீட்டிலே உயிர்நீத்தார். பிரெஞ்சு மொழிக்குப் பெருமை தேடித் தந்தவர் அவர். நடிப்பைக் கைவிடுவதாகக் குருவின் முன்னே சொல்லாமல் இறந்தார் என்பதற்காக, அவரைப் புதைக்க இடம் மறுத்தது திருச்சபை! மனைவி மன்னன் 14ஆம் லூயியிடம் முறையிட்ட பிறகே, பிப்ரவரி 21 அன்று, இரவு நேரத்தில், சடங்கு ஏதுமின்றி அடக்கம் செய்ய இசைவு கிடைத்தது.

1730 மார்ச்சில் ஆட்ரியன் லெகுவ்ரர் என்ற புகழ்பெற்ற நடிகை 37 வயதில் இறந்தபோது அந்த இசைவும் கிடைக்கவில்லை. இரவோடிரவாக, சீன் ஆற்றங்கரை அருகே வெற்று நிலத்தில் புதைத்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்திலே ஆன் ஓல்டுஃபீல்டு என்ற நடிகை இறந்தார். அவருடைய உடல் மன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அடக்கம் செய்யப்பட்டது. மீண்டும் அதே கதை: ஒரு கடற்கால்வாயின் அக்கரையில் ஆலயம், இக்கரையில் வெற்று நிலம்! லெகுவ்ரரின் நண்பர் ஒருவர் இதைக் கண்டு கொதித்துக் கவிதை எழுதினார். அவர்தான் வால்டேர்.

நடித்தால் திருச்சபை விலக்கும். நடிக்க மறுத்தால் என்ன நடக்கும்? 1765இல் கிளேரன் என்ற நடிகை, நேர்மையற்றவன் என்று கருதிய ஒரு நடிகனோடு சேர்ந்து நடிக்க மறுத்தார். அரசு அவரைச் சிறையில் தள்ளிற்று! கடவுளின் பெயரால் ஒரு தண்டனை, மன்னனின் பெயரால் மற்றொரு தண்டனை. இரண்டுக்கும் நடுவே நின்றவர்தான் கலைஞர்.

நடிகருக்கு மட்டுமா இந்த வசை? குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவனின் குடும்பத்துக்கும் வந்தது. அதிலும் வகுப்பு வேற்றுமை உண்டு. பிரபு குற்றம் செய்தால் வாளால் தலை வெட்டுவார்கள். அந்தச் சாவு குடும்பத்துக்கு இழிவன்று. எளியவன் குற்றம் செய்தால் தூக்குக் கயிறு. அந்தக் கயிறு அவன் கழுத்தோடு நிற்காது, அவன் தம்பியின் வேலையையும் தங்கையின் திருமணத்தையும் சேர்த்து இறுக்கும்.

துலூஸ் நகரத்து வணிகர் ஜீன் காலாஸ் இதற்கு இலக்கானார். அவர் புராட்டஸ்டண்டு. 1761 அக்டோபரில் அவருடைய மூத்த மகன் வீட்டிலே பிணமாகக் கிடந்தான். மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அதைத் தடுக்கத் தந்தையே கொன்றுவிட்டார் என்று மதவெறி வதந்தி கிளப்பிற்று. 1762 மார்ச் 10 அன்று அந்த முதியவரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றனர். ஒரு மகன் நாடு கடத்தப்பட்டான். பெண்மக்கள் கன்னிமாடங்களில் அடைக்கப்பட்டனர். சொத்து பறிக்கப்பட்டது. வால்டேர் களத்தில் குதித்தார். எழுதினார், எழுதினார், மூன்றாண்டு எழுதினார். 1765 மார்ச் 9 அன்று, தண்டனைத் தீர்ப்பு வழங்கப்பட்ட அதே நாளில், காலாஸ் குற்றமற்றவர் என்று பாரிசிலே தீர்ப்பாயிற்று. மாண்டவர் மீளவில்லை, ஆனால் அவர் பெயர் மீண்டது. மீந்திருந்த மனைவி மக்களின் தலை நிமிர்ந்தது.

இந்தக் காலத்தில்தான் வால்டேர் ஓர் அரிய காரியம் செய்தார். அந்தப் பழைய ரோமச் சொல்லின் பிரெஞ்சு வடிவத்தை, இழிந்தது எனப் பொருள்படும் 'அன்ஃபாம்' என்பதை, கையிலெடுத்தார். அதை நசுக்க வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களின் முடிவில் முழக்கமாகவே எழுதினார். சிலவற்றில் எழுத்துகளைச் சுருக்கியும் எழுதினார். நடிகனையும் ஏழையையும் மாற்று மதத்தவனையும் நோக்கி நீட்டப்பட்ட சொல் அது. அதை மதவெறியை நோக்கி, மூடநம்பிக்கையை நோக்கி, அவை நடத்தும் கொடுமையை நோக்கித் திருப்பினார். இழிந்தவர் யார்? நடித்துப் பிழைத்த பெண்ணா, அவள் பிணத்துக்கு ஆறடி மண் மறுத்தவரா? சக்கரத்தில் மடிந்தவரா, மடிய வைத்தவரா? சொல் அதேதான், அதைத் தாங்க வேண்டிய தலைதான் மாறிற்று.

விதை முளைத்தது. 1784இல் மெட்ஸ் நகரத்துக் கழகம் ஒரு கட்டுரைப் போட்டி நடத்திற்று. குற்றவாளி பெற்ற தண்டனையின் இழிவை அவன் குடும்பத்தார் அனைவர் மீதும் சுமத்தும் கருத்து எங்கிருந்து வந்தது, அது நன்மையா தீமையா என்பது கேள்வி. முதற் பரிசை லாக்ரெட்டல் பெற்றார். அடுத்த இடம் பெற்று 400 லிவ்ர் மதிப்புள்ள பதக்கம் வாங்கியவர், ஆராஸ் என்னும் ஊரைச் சேர்ந்த 26 வயது வழக்கறிஞர். அவர் பெயர் ரோபஸ்பியர்!

ஐந்தாண்டில் புரட்சி வெடித்தது. 1789 டிசம்பரில் தேசிய மன்றத்திலே நடிகனுக்குக் குடியுரிமை உண்டா, தூக்கிலிடும் பணியாளனுக்கு உண்டா, மாற்று மதத்தவருக்கு உண்டா என்று வாதம் நடந்தது. சட்டம் ஏவிய வேலையைச் செய்பவனைச் சட்டமே இழிந்தவன் என்பது எப்படிப் பொருந்தும் என்று கிளேர்மான் தொன்னேர் வாதாடினார். டிசம்பர் 24 அன்று நடிகருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் கதவு திறந்தது. யூதர்களில் பெரும்பாலோரோ 1791 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1790 ஜனவரி 21 அன்று, கில்லட்டின் என்ற மருத்துவரின் முயற்சியால் மற்றொரு சட்டம் வந்தது. எந்த வகுப்பினன் ஆனாலும் ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை. குற்றம் செய்தவனோடு குற்றம் முடிந்தது. குடும்பத்துக்குப் பழி இல்லை. உறவினர் கேட்டால் உடலைக் கொடுக்க வேண்டும்; எப்படிச் செத்தான் என்று ஏட்டிலே எழுதக்கூடாது. ஈராயிரம் ஆண்டாகச் சேர்ந்த அழுக்கை, சில வரிகள் கழுவின!

கதையை இங்கே முடித்தால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வரலாறு நம்முடைய மகிழ்ச்சிக்காக எழுதப்படுவதன்று. 1793 செப்டம்பர் 17 அன்று, அதே புரட்சியின் மன்றம் 'ஐயத்துக்குரியோர் சட்டம்' ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டை விட்டு ஓடிப்போன பிரபுக்களின் தந்தை, தாய், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர், புரட்சியின்பால் தம் பற்றை இடையறாது காட்டியிராவிட்டால், ஐயத்துக்குரியோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். குடும்பப் பழியை எதிர்த்துக் கட்டுரை எழுதிப் பதக்கம் பெற்ற ரோபஸ்பியர், அப்போது ஆட்சிக் குழுவிலே அமர்ந்திருந்தார். ஒழித்த பேய் ஒழித்தவர் வீட்டுக்குள்ளேயே வேறு உடையில் நுழைந்தது. பகைவனுக்குச் செய்தால் பழி பழியாகாது என்று எண்ணினால் வருவது இதுதான்.

1790இல் பிரான்சு துடைத்தெறிந்த கருத்தை, 1871இல் இந்தியாவிலே ஆங்கில ஆட்சி சட்டமாக்கிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது அதன் பெயர். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தை திருடனாம், பிறந்த காரணத்தாலேயே! கைரேகை பதிவு செய், காவல் நிலையத்திலே கணக்குக் காட்டு, இசைவுச் சீட்டு இல்லாமல் ஊரை விட்டு நகராதே என்றனர். 1920 ஏப்ரல் 3 அன்று, மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரிலே, அந்தப் பதிவை எதிர்த்த மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் நீங்கிற்று. இந்தியா முழுவதிலும் 1952இல் நீங்கிற்று. ஏடு கிழிந்தது. ஆனால் லாபீரியசுக்கு இடம் கொடாமல் நெருக்கி உட்கார்ந்தார்களே, அந்த மனிதர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள்.

பள்ளியில் ஒரு சிறுவனின் எழுதுகோல் காணாமற்போகிறது. எடுத்தது யார் என்று ஆராயுமுன்னே, எந்தத் தெருப் பையன் என்று பார்வை திரும்புகிறது. மேடையேறிப் பகுத்தறிவு பேசியவரை வாதத்தால் மறுக்க முடியாதபோது 'கூத்தாடி' என்ற ஒரே சொல்லால் மறுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. அவர்கள் ரோமாபுரியின் பிரீட்டரைக் கண்டதில்லை. அவனுடைய பட்டியலை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பழி என்பதே வேண்டாமா? அநாதையின் சொத்தை விழுங்கியவனையும் பொய் வழக்குப் போட்டவனையும் ஊர் போற்றவா வேண்டும்? வேண்டாம். செய்த தீமைக்குச் செய்தவனே நாணட்டும். அந்த நாணம் சமுதாயத்துக்குக் காவல். ஆனால் பழிச்சொல் நம் நாவிலே வரும்போது மூன்று கேள்வி கேட்போம். இவன் செய்ததற்காகச் சொல்கிறோமா, பிறந்ததற்காகவா? இவனோடு நிற்கிறதா, இவன் பிள்ளையையும் தொடர்கிறதா? திருந்தினால் துடைக்க வழி வைத்திருக்கிறோமா? இந்த மூன்றில் ஒன்றுக்கு விடை தவறினாலும் நாம் சொல்லவிருந்த சொல்லை விழுங்கிவிடுவோம். நம்மை எதிர்ப்பவரைச் சாடும்போதும் இதையே செய்வோம். நண்பனுக்கொரு நீதி, பகைவனுக்கொரு நீதி என்றால் அது பகுத்தறிவாகாது.

பிணம் சுமந்தவனை மன்றத்துக்கு வெளியே நிறுத்திய பட்டயம் இன்று நேப்பிள்ஸ் நகரத்துக் காட்சிக்கூடத்திலே வெறும் வெண்கலமாக இருக்கிறது. எவரும் அதற்கு அஞ்சுவதில்லை. நம் நாட்டில் எழுதாமலே நடமாடும் பட்டயங்களையும் காட்சிப் பொருளாக்க வேண்டும் தோழர்களே. அவை வெண்கலத்தில் இல்லை, பேச்சிலே இருக்கின்றன. ஆகவே அந்த வேலையை நம் பேச்சிலிருந்தே தொடங்கலாம்.